பனிமலைக்குப் போன பருத்திச் சட்டை

என் தங்கை வீட்டில் நைலான் கிடையாது. பாலியஸ்டரும் கிடையாது. கொடியில் காய்கிற துணி அத்தனையும் பருத்தி. விசேஷத்துக்கு யாராவது பளபளவென்று ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால், சிரித்த முகத்தோடு வாங்கி அடுத்த வாரமே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். காரணம் அவள் புருசன். அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். இருபத்திரண்டு வருசமாக அதே வேலை.

மருந்து கலக்குவது என்றால் வெடிக்குப் போகிற பொடிகளை அளந்து, சலித்து, கையால் ஒன்று சேர்ப்பது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். காலில் செருப்பு இருக்கக்கூடாது, இடுப்பில் சாவிக்கொத்து இருக்கக்கூடாது, உடம்பில் பருத்தியைத் தவிர வேறு துணி இருக்கக்கூடாது. நைலான் உரசினால் பொறி வரும். கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் தங்கியிருக்கிற கரண்டைப் பூமிக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். எர்த்து பிடிக்கிறது என்பார்கள். மாப்பிள்ளைக்கு அது கையிலேயே ஊறிவிட்டது. வீட்டுக்குள் வருமுன் இரும்புக் கேட்டைத் தொடுவார். கல்யாண மண்டபத்துக்குள் நுழையுமுன் ஏதாவது ஒரு கம்பியைத் தொடுவார். தொட்டது அவருக்கே தெரியாது.

முன்னே வேறொரு கம்பெனியில் இருந்தபோது ஒரு நாள் காலையில் இவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் அறை வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். இன்ன காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒருவர் உள்ளே நைலான் பனியன் போட்டிருந்தார் என்று ஒரு பேச்சு. இவருக்கு இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அன்று வெந்து ஆறிய தோல் மினுமினுப்பாக இருக்கும். அந்தப் பனியன் பேச்சை அவர் நம்பினார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் நைலான் இல்லை.

"மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது" என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. அதை எனக்குச் சொன்னதே அவர்தான். யார் வாயிலிருந்து நல்ல சொல் விழுந்தாலும் டைரியில் எழுதி வைப்பது என் வழக்கம். பட்டாசோடு டைரியும் அச்சடிக்கிற எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா.

நான் படித்தது எட்டாவது. வெடிக்கு ஆர்டர் எடுக்க வடக்கே போகிற ஆள். லாரி டிரைவர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசிப் பேசியே இந்தி வந்தது. என் தொழிலில் முக்கியமான விஷயம், இரண்டு பக்கமும் கோபப்படாமல் பார்த்துக்கொள்வது. கடைக்காரர், "உங்க சரவெடில பாதி நமுத்துப்போச்சு, உங்க முதலாளி திருடன்" என்பார். நான் முதலாளியிடம் வந்து, "சரக்குல லேசா ஈரமாம், பாத்துக்கிடச் சொன்னாரு" என்பேன். முதலாளி, "அவன் கடைய மூடிட்டுப் போகச் சொல்லு" என்பார். நான் கடைக்காரரிடம், "அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார்" என்பேன். இதில் ஒரு பொய்யும் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இமாசலத்தில் எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒரு கடைக்கு மாடியில், குளிர்காலம் வந்தால் ஒருவர் குடும்பத்தோடு இறங்கி வந்து தங்குவார். ஸ்பிதிக்காரர். கோடையில் மலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது அவர் பிழைப்பு. அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு வருசத்துக்கு முன்னால் முதல் தடவை ஸ்பிதிக்குப் போனேன். மழை எட்டிப்பார்க்காத மலை. நம் நாட்டுக்குள்ளேயே திபெத்துக்காரர்களின் சாமி, திபெத்துக்காரர்களின் சாப்பாடு. திரும்பி வந்து ஆறு மாசம் எல்லாரிடமும் அதையே பேசினேன். அதிகமாகக் கேட்டவர் மாப்பிள்ளை. திருச்செந்தூரையும் சபரிமலையையும் தாண்டாத மனிதர்.

"நாம செஞ்ச வெடி இந்தியா பூராம் போயிட்டு வருது மச்சான். நாமதான் இங்கனயே கெடக்கோம்" என்றார் ஒரு நாள். "அந்தப் பனிய ஒரு தடவ கையில அள்ளிப் பாக்கணும்."

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் கம்பெனிகளுக்கு லீவு. அந்த லீவில் கிளம்பினோம். வழிகாட்டியாக வர ஒத்துக்கொண்ட அந்த ஸ்பிதிக்காரர் போனில் ஒரு பட்டியல் சொல்லியிருந்தார். நான் மதுரையில் தேடி அவருக்கும் எனக்குமாக இரண்டு பிளீஸ் சட்டை வாங்கி வைத்திருந்தேன். உள்ளே பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும் செயற்கைத் துணி. தங்கை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் போனால் பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சைத் திணித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி ஒரு கோட்டு தைத்து வைத்திருந்தாள். பார்க்க நல்ல தடிமனாக, கடையில் வாங்கியது போலத்தான் இருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, கூட்டிட்டுப் போறீக, சரி. இம்புட்டு வருசம் மருந்துக்குத் தப்பிச்ச மனுசன். மலையில விட்டுட்டு வந்துராதீக."

"நான் என்ன சின்னப் பிள்ளையவா கூட்டிட்டுப் போறேன்?"

"அவுகளப் பத்தி நான் சொல்லல. ஒங்களப் பத்திச் சொல்றேன்" என்றாள்.

டெல்லி வரை ரயில். பிறகு மூன்று நாள் பஸ். ஸ்பிதியின் பெரிய ஊரான காஜாவில் வழிகாட்டி காத்திருந்தார். அங்கிருந்து ஜீப்பில் லாங்ஸா என்ற ஊருக்குக் கூட்டிப் போய், "ரெண்டு நாள் இங்க சும்மா இருங்க, உடம்பு காத்துக்குப் பழகட்டும்" என்றார். பட்டாணியும் பார்லியும் அறுத்து முடித்திருந்த நேரம். வெள்ளையடித்த மண் வீடுகள். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் சுற்றிவர வைக்கோலும் விறகும் அடுக்கியிருந்தது. மாப்பிள்ளை இறங்கியவுடன் மலையைப் பார்க்கவில்லை. அந்த வைக்கோலைத்தான் பார்த்தார்.

"மச்சான், இவுக ஊர்ல தீயணைப்பு வண்டி எங்கன இருக்கு?"

கேட்டுச் சொன்னேன். காஜாவில்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் கட்டியிருந்த இரும்புச் சங்கிலியைத் தொட்டார்.

அன்று பொழுது சாயும்போதே கரண்ட் போய்விட்டது. ஏழு மணி இருக்கும். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா சாணி வறட்டி எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் எங்களுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார். அடுப்புச் சூட்டில் மாப்பிள்ளைக்கு வேர்த்தது. பஸ்ஸில் குளிர் தாங்காமல் நான் சொல்லி மாட்டியிருந்த பிளீஸ் சட்டையைத் தலைவழியே கழற்றினார். சடசடவென்று சத்தம். இருட்டில் அவர் தோளைச் சுற்றி நீலமாகப் பொறி ஓடியது.

அவர் அப்படியே நின்றார். இரண்டு கையும் மேலே தூக்கியபடி, தலை சட்டைக்குள்ளேயே இருக்க, மூச்சுக்கூட விடவில்லை. நானும்தான் எழுந்துவிட்டேன். பட்டாசுக்காரன் பொறியைப் பார்த்தால் முதலில் கண் தேடுவது வாசலை. அந்த அம்மா மட்டும் சிரித்தார். அந்த ஊரில் குழந்தைகள் குளிர்காலத்தில் கம்பளியை உரசி அப்படி விளையாடுவார்களாம். காற்றில் ஈரமே இல்லாததால் வருவது.

மாப்பிள்ளை மெதுவாக நகர்ந்து, அலமாரியில் இருந்த பெரிய செம்புப் பானையில் கையை வைத்தார். அந்த அம்மா தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஒரு சொம்பு மோந்து கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தார்.

காலையில் பார்த்தால் பிளீஸ் சட்டை வீட்டுக்குள் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிச்சுவரின் மேல் மடித்து வைத்து, பறக்காமல் கல்லும் வைத்திருந்தார்.

"மாப்ள, என்ன இது?"

"மாடி பூராம் வைக்கோல் வச்சிருக்காக. அடுப்பு நடுவீட்டுல எரியுது. இதக் கொண்டாந்து உள்ள வைப்பீகளா?"

"இவுகளும் இதத்தான போட்டுருக்காக."

"அது அவுக தைரியம். எனக்கு வேணாம். ஒங்க தங்கச்சி தச்ச கோட்டு இருக்கு, மூணு பருத்திச் சட்டை இருக்கு. ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போட்டுக்கிடுதேன். இத நீங்களே வச்சுக்கோங்க."

வாங்கி என் பைக்கு அடியில் திணித்துக்கொண்டேன். மருந்து கலக்குகிறவரிடம் பொறியைப் பற்றி யாரும் எங்கள் ஊரில் வாக்குவாதம் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் கோமிக் என்ற ஊருக்கு நடந்தோம். மெதுவாக, பத்து எட்டுக்கு ஒரு மூச்சு. அங்கே ஒரு புத்த மடம். வாசலில் வரிசையாகச் செம்பு உருளைகள், மேலே மந்திரம் எழுதியது. உள்ளே போகிறவர்கள் ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிவிட்டுப் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செம்பைப் பார்த்ததும் உள்ளங்கை தானாகப் போய் ஒட்டியது. ஒவ்வொன்றிலும் கையை வைத்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் அடுத்தது. உள்ளே இருந்த துறவி ஒருவர் பார்த்துவிட்டு, தெற்கத்திக்காரருக்கு இவ்வளவு பக்தியா என்று வழிகாட்டியிடம் கேட்டார். நான் அதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"இருக்கட்டும். ஒவ்வொரு வாசல்லயும் எர்த்து வச்சிருக்காக பாத்தீகளா. வெவரமான ஆளுக" என்றார்.

அன்று இரவு அந்த ஊரில் தங்கிய வீட்டில் சாப்பாட்டுக்கு சாம்பா. வறுத்த பார்லி மாவு. அதை உப்புப்போட்ட வெண்ணெய்த் தேநீரில் ஒரு கையாலேயே கிண்ணத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பிசைய வேண்டும். நான் பிசைந்தால் பாதி மாவு மடியில். மாப்பிள்ளை கிண்ணத்தை வாங்கினார், மாவை விரலால் உரசிப் பார்த்தார், தேநீரை ஓரமாக விட்டார். நாலு சுற்றில் உருண்டையாக எழுந்து வந்தது. கிண்ணத்தில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. வீட்டுக்காரம்மா அந்த உருண்டையை வாங்கி, தன் புருசனிடம் காட்டி ஏதோ சொன்னார். "இருபது வருசமா உனக்குச் சொல்லிக்குடுக்கேன், நீ இன்னும் படிக்கல" என்று வழிகாட்டி இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, மாப்பிள்ளை அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கையின் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

மறுநாள் கோமிக்கிலிருந்து தேமுல் என்ற ஊருக்கு நடை. இடையில் ஒரு மேடு. அதுதான் வழியிலேயே உயரம். புறப்படுமுன் வழிகாட்டி எங்கள் இருவரையும் தலைமுதல் கால்வரை பார்த்தார். மாப்பிள்ளையின் கோட்டு பொத்தானுக்கு இடையில் விரலை விட்டு உள்ளே இருந்த சட்டையைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"இது பருத்தி. பருத்தி வேர்வையக் குடிக்கும், திருப்பிக் குடுக்காது. மேல காத்து அடிக்கும். ஈரத்துணியோட அந்தக் காத்துல நின்னா ஆள் செத்துப்போவான். இத அவர்ட்ட இதே மாதிரிச் சொல்லுங்க. உள்ள கம்பளியோ பிளீஸோ போடாம நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மாப்பிள்ளை, "என்ன சொல்றாரு?" என்றார்.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விடிந்தும் விடியாமலும் ஒரு சண்டை எதற்கு, பயணம் நின்று போய்விடுமே, நேற்றுத்தான் மனிதர் சிரித்தார், நடந்தால் உடம்பு சூடாகத்தானே போகிறது. இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. என் தொழில் என் வாய்க்கு வந்துவிட்டது.

"மேல குளுருமாம். வேணும்னா இன்னொண்ணு போட்டுக்கிடச் சொல்றாரு" என்றேன்.

"போதும்னு சொல்லுங்க."

நான் வழிகாட்டியிடம் திரும்பி, "இந்தச் சட்டைக்கு உள்ள கம்பளி பனியன் போட்டிருக்கார், கோட்டும் நல்ல கோட்டு" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நம்பினார். ஏன் நம்பமாட்டார்? இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் என்னுடையது.

ஏற்றம் மூன்று மணி நேரம். வெயில் சுள்ளென்று இருந்தது. அந்த உயரத்தில் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கொடியது, ஆனால் நிழலில் கால் வைத்தால் ஐஸ். மாப்பிள்ளைக்கு வேர்த்து ஒழுகியது. கோட்டைக் கழற்றவும் மாட்டேன் என்றார். மேலே ஏறஏற நான் பேச்சைக் குறைத்தேன். அவர் விடவில்லை.

"என்ன மச்சான், வாய் மூடிருச்சு? ஆர்டர் இல்லையோ?"

"மூச்சு இல்ல மாப்ள."

"அப்ப ஒங்க தங்கச்சியக் கூட்டியாந்துருக்கலாம். ஒங்களப் பேசாம பாக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை."

மேட்டின் உச்சியில் கல் குவித்து, நிறநிறமாகக் கொடி கட்டியிருந்தார்கள். அதை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றி வர வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேற்கேயிருந்து மேகம் ஏறி வெயில் அணைந்தது. காற்று வந்தது. அப்புறம் காற்றோடு உப்புக்கல் மாதிரி பனி. மாப்பிள்ளை உள்ளங்கையை நீட்டி அதை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சவ்வரிசி மாதிரி இருக்கு" என்றார்.

அந்த நடையில் அவர் ஒழுங்காகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

இறக்கத்தில் அவருக்கு நடுக்கம் எடுத்தது. எனக்கும்தான் நடுங்கியது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் அவருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. பழகிவிட்டது போல என்று நினைத்தேன். நான், "என்ன மாப்ள, தங்கச்சிட்டச் சொல்லவா, பனியப் பாத்து நடுங்குனீகன்னு?" என்றேன். பதில் இல்லை. என் வாயைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். மறுபடி கேட்டேன். அவர் நின்று, தண்ணீர் பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகினார். திருக முடியவில்லை. விரல்கள் மூடியின் மேல் வழுக்கி வழுக்கிப் போயின. பிளாஸ்க் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லை. அப்படியே அந்தக் கல்லில் உட்கார்ந்தார்.

கிண்ணத்தில் ஒரு பொட்டு ஒட்டாமல் மாவு பிசைந்த கை அது. இருபத்திரண்டு வருசம் ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் மருந்து அளந்த கை. அதற்கு ஒரு மூடி திறக்கவில்லை. முன்னால் போன வழிகாட்டியைக் கத்திக் கூப்பிட்டேன்.

அவர் ஓடி வந்தார். மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். கோட்டுக்குள் கையை விட்டார். கையை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். சொட்டச் சொட்ட ஈரம்.

"கம்பளின்னு சொன்னீங்க" என்றார்.

நான் மாப்பிள்ளையின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

கொஞ்சம் கீழே, ஆடு அடைக்கிற கல் பட்டி ஒன்று இருந்தது. இடுப்பளவு சுவர். இரண்டு பேரும் அவரைக் கைத்தாங்கலாக அதற்குள் கொண்டு போனோம். காற்று சுவருக்கு மேல் போனது. வழிகாட்டி கோட்டைக் கழற்றி வீசினார். நனைந்த மெத்தை மாதிரி கனத்தது. பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சட்டை, பனியன். எல்லாம் பருத்தி, எல்லாம் ஈரம். தன் முதுகுப்பையில் இருந்த காய்ந்த கம்பளித் துண்டால் அவரைத் துடைத்தார். "பிளீஸ் எங்க?" என்றார். என் பைக்கு அடியிலிருந்து எடுத்தேன்.

அதைத் தலையில் மாட்டப் போனால் மாப்பிள்ளை தடுத்தார். கண் பாதி மூடியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, கையில் வலு இல்லை. ஆனால் தடுத்தார். "பொறி… பொறி…" என்றார். முகத்தைத் திருப்பி, இரண்டு முழங்கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். மினுமினுப்பான தோல் உள்ள கை மேலே இருந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் வழிகாட்டி.

"பொறிக்குப் பயப்படுறார். இவர் வெடிமருந்து கலக்குறவர். நைலான் பட்டா பத்திக்கும்னு பயம். அதான் பருத்தி." உள்ளதை உள்ளபடி சொன்னேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியது.

"இங்க மருந்து இல்ல மாப்ள. ஒண்ணுமே இல்ல. வெறும் கல்லும் பனியும்" என்று அவரிடம் கெஞ்சினேன். காதில் ஏறவில்லை. இழுத்து மாட்டலாம் என்றால் அவர் முறுக்கிக்கொண்டு நெளிகிறார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

வழிகாட்டியின் கைத்தடி உலோகம். அதை வாங்கி அவருக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் ஆழமாகக் குத்தி நிறுத்தினேன். "எர்த்து பிடிங்க மாப்ள" என்றேன். கம்பெனியில் சூப்பர்வைசர் சொல்கிற அதே குரலில் சொன்னேன் போல. எனக்கே அது தெரியாது.

அவர் வலது கை நெஞ்சிலிருந்து பிரிந்தது. மெதுவாக நீண்டு தடியில் உள்ளங்கையை வைத்தது. ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு இரண்டு கையும் தளர்ந்தன. நான் சட்டையை மாட்டினேன். இருமுறை மாட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஒரு பொறியும் தெரியவில்லை. வந்திருந்தாலும் பகலில் தெரியாது.

அதற்கு மேல் வழிகாட்டி தன் இறகு அடைத்த கோட்டைப் போர்த்தினார். நான் பின்னால் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டேன். சர்க்கரை கரைத்த வெந்நீரை வழிகாட்டி மூடி மூடியாக வாயில் விட்டார். முதலில் வழிந்தது. அப்புறம் விழுங்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்று போயிருந்த நடுக்கம் திரும்ப வந்தது. பல் தந்தியடித்தது. வழிகாட்டி முதல் தடவையாக மூச்சு விட்டார். "நடுங்குனா நல்லது. உடம்பு சண்டைக்கு வந்துருச்சு" என்றார். அந்தச் சொல்லைப் பிற்பாடு டைரியில் எழுதிவைத்தேன். அப்போது அழுதேன்.

நல்ல வெளிச்சம் இருக்கும்போதே தேமுலுக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஊரில் விருந்தாளியை முறைவைத்துத்தான் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்கு இந்த வீடு என்றால் நாளை வருகிறவனுக்கு அடுத்த வீடு. வருமானம் எல்லாருக்கும் சமமாகப் போக வேண்டும் என்பதற்காக. நம் பக்கம் கண்மாயிலிருந்து வயலுக்கு முறைத்தண்ணி விடுவது போல. எங்கள் முறைக்கு வந்த வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, ஆட்டுத்தோல் அங்கி ஒன்றை எடுத்துப் போர்த்தினார். கிண்ணம் காலியாகக் காலியாக வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை ஆறாவது கிண்ணத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான், மூஞ்சி இப்பிடி இருக்கு? ஒங்களுக்கு மேலுக்கு முடியலையா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. சொல்லிவிட்டேன். காலையில் வழிகாட்டி சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். வேர்வையைக் குடிக்கும், திருப்பிக் கொடுக்காது, ஆள் செத்துப்போவான், கூட்டிப்போக மாட்டேன். நான் அதை எப்படிக் குறைத்துச் சொன்னேன் என்பதையும், வழிகாட்டியிடம் கம்பளி என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"எங்க அறையில கலவைச் சீட்டு ஒண்ணு தொங்கும் மச்சான். இது இம்புட்டு, அது இம்புட்டுன்னு எழுதிருக்கும். அத ஒருத்தன் எங்கிட்ட வாசிச்சுச் சொல்றான்னு வைங்க. மனசு கஷ்டப்படுமேன்னு அவன் ரெண்டு கிராம் கொறச்சுச் சொன்னா நான் என்ன ஆவேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கேட்டுருக்க மாட்டேன். அது வேற" என்றார். "சொன்னாலும் அந்தச் சட்டைய நான் போட்டுருக்க மாட்டேன். ஆனா அவர் என்னைய விட்டுட்டுப் போயிருப்பாரு. நான் கோமிக்குலயே மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்துருப்பேன்."

வழிகாட்டி, "என்ன சொல்றார்?" என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"ஒங்க மச்சானுக்கு நாக்கு நீளம், ஆனா தைரியம் கட்டையா இருக்குங்காரு" என்றேன்.

"நல்ல மனுசன்" என்றார் மாப்பிள்ளை. "கோட்டப் பத்தி ஏதும் சொன்னாரா? அவ மெனக்கெட்டுத் தச்சது."

கேட்டேன். அந்த ஈரக் கோட்டு காய நாலு நாள் ஆகும், அதுவரை தூக்கிச் சுமக்க முடியாது, இந்த வீட்டுக் கழுதைக்குச் சேணத்துக்குக் கீழே போட நல்ல மெத்தையாக இருக்கும் என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

"அத எங்கிட்டச் சொல்லிட்டீக. ஒங்க தங்கச்சிட்டயும் இதே மாதிரிச் சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலையில் வானம் துடைத்தாற்போல இருந்தது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மூன்று நாளாகப் பேசவில்லை. தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணே, அவுக நல்லாருக்காகளா? நான் தச்ச கோட்டு போட்டுருக்காகளா?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஐந்தாறு வாக்கியம் தயாராக இருக்கும். ஒன்றையும் எடுக்கவில்லை. மேடு, காற்று, நான் மாற்றிச் சொன்னது, ஆட்டுப்பட்டி, தடி, கழுதைக்குப் போன கோட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"இப்ப என்ன போட்டுருக்காக?" என்றாள்.

"நான் வாங்குன பிளீஸ். அதுக்கு மேல வீட்டுக்காரர் குடுத்த ஆட்டுத்தோலு."

"கழத்த வேணாம்னு சொல்லுங்க. ஊருக்கு வர்ற வரைக்கும் கழத்த வேணாம். இங்கன வந்து பஸ் ஸ்டாண்டுலயே கழத்திரட்டும், வீட்டுக்குக் கொண்டு வர வேணாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்ககிட்ட அப்பறம் பேசிக்கிடுதேன். அவுகட்டக் குடுங்க."

மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். போனை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நின்றார். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்து, "ம், சொல்லு" என்றார்.